சுமை எங்கே போனது?

அடிக்கடி ஊர் மாறுகிறவர் கேமிங் லேப்டாப் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் கேட்பது "எத்தனை கிலோ?" என்பதுதான். திருவனந்தபுரத்தில் இந்தக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. கழக்கூட்டத்தில் இருக்கும் டெக்னோபார்க்கில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் பலர் நாகர்கோவில், திருநெல்வேலி, கொல்லம், கண்ணூர் என்று வெளியூர்களிலிருந்து வந்து வாடகை வீட்டிலோ விடுதி அறையிலோ தங்கியிருப்பவர்கள். புராஜெக்ட் மாறினால் பெங்களூருவுக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ பெட்டி கட்ட வேண்டியவர்கள். மேசைக் கணினியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. சாதாரண லேப்டாப்பில் புதிய விளையாட்டுகள் நொண்டும். ஆகவே எடையைக் கேட்பது இயல்பு. ஆனாலும் அது பாதிக் கேள்வி. ஒரு கருவியை லேசாக்கும்போது அதன் சுமை காற்றில் கரைந்துவிடுவதில்லை. கருவியை விட்டு இறங்கி, அது போய்ச் சேரும் ஊரின் தோளில் ஏறிக்கொள்கிறது. தடையில்லாத மின்சாரம், கிடைக்கிற உதிரிபாகம், பழுது பார்க்கத் தெரிந்த கை, ஈரமும் உப்பும் அண்டாத அறை ஆகியவையே இறக்கி வைக்கப்பட்ட அந்தச் சுமை. தராசில் அது தெரியாது. ஏறத்தாழ 190 ஆண்டுகளாக நுட்பக் கருவிகள் வந்திறங்கும் ஊர் திருவனந்தபுரம். அந்த வரலாற்றைப் படித்தால், எடையைக் கேட்ட பிறகு இன்னும் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்பது தெளிவாகும்.

தொடக்கம் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில். 1837-இல் திருவிதாங்கூர் அரசு தலைநகரின் குன்று ஒன்றின்மேல் வானிலை, வானியல் ஆய்வுக்கென நட்சத்திர பங்களா ஒன்றை எழுப்பியது. அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட், அதுவரை ஆலப்புழையில் அரசின் வணிகப் பிரதிநிதியாக இருந்தவர். சொந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு வானத்தை ஆராய்ந்துவந்தவர். ஒரு தனிமனிதரின் பெட்டிக்குள் அடங்கிய கருவிகளே போதும் என்றால் அரசுக்குக் குன்றும் கட்டடமும் தேவைப்பட்டிருக்காது. துல்லியமான அளவைக்கு அசையாத தூண் வேண்டும், வெப்பநிலை மாறாத அறை வேண்டும், இரவும் பகலும் முறைவைத்துக் குறிப்பெடுக்கும் ஆட்கள் வேண்டும். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் கருவிகளை வரவழைத்தது செலவின் முதல் தவணை மட்டுமே. அவற்றை அங்கே வரவழைக்க வலுவான காரணமும் இருந்தது. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நிலநடுக்கோடு திருவனந்தபுரத்தை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டை லண்டனுக்குக் கொண்டுபோக முடியாது. காந்த ஊசியைத்தான் இங்கே கொண்டுவர வேண்டும். கருவி நகர்வதும், நகர்ந்த கருவிக்காக ஊர் ஏதாவது கட்டிவைப்பதும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்பது அன்றே வெளிப்பட்டுவிட்டது.

கால்டிகாட்டுக்குப் பின் 1852-இல் வந்த ஜான் ஆலன் பிரௌன் இதை இன்னும் கடுமையான சோதனைக்கு உட்படுத்தினார். சமதளத்தில் எடுக்கும் காந்த அளவும் உயரத்தில் எடுக்கும் அளவும் எப்படி வேறுபடுகின்றன என்று ஒப்பிட அவருக்கு ஒரு மலையுச்சி தேவைப்பட்டது. தேர்ந்தெடுத்தது அகத்திய மலையை. தமிழர்கள் பொதிகை என்று போற்றும் அதே மலை, உயரம் 1,868 மீட்டர். 1855-இல் அங்கே ஓர் ஆய்வுக் குடில் நின்றது. காட்டை வெட்டி வழி உண்டாக்கி, யானையும் புலியும் உலவும் சரிவுகளில் கருவிகளை ஆள் சுமையாக ஏற்றிய கதை வாசிக்கச் சுவையானது. ஆனால் தூக்கிச் சென்றதோடு அந்தக் கதை முடிந்துவிடவில்லை. காந்த ஊசியும் காற்றழுத்தமானியும் தலைச்சுமையாக ஏறிவிடக்கூடியவை. மலையில் அவை பயன்பட்டது, மேகம் மூடிய ஈரத்தில் சுவரையும் கூரையையும் காத்து, குளிரில் அங்கேயே தங்கி, மணிதோறும் அளவெடுத்த உள்ளூர் உதவியாளர்களாலும், கீழிருந்து அவர்களுக்கு அரிசியும் பருப்பும் ஏற்றியவர்களாலும்தான். பிரௌன் 1865-இல் ஊர் திரும்பினார். அகத்திய மலை, திருவனந்தபுரம் இரண்டின் காந்த அளவுகளும் 1874-இல் நூலாக வந்தன. ஏற்றுகூலி ஒருமுறைச் செலவு, பராமரிப்பு தொடர்செலவு. ஒரு கருவி இடம் மாறத்தக்கதா என்பதைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான்.

நூறாண்டு கழித்து அதே காந்தக் கோடு இன்னொரு கருவியை இந்த ஊருக்கு இழுத்து வந்தது. மேல்வளிமண்டலத்தில் அந்தக் கோட்டின்மேல் ஓடும் மின்னோட்டத்தை ஆராய வேண்டும் என்பதால்தான் இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் நகரை ஒட்டிய தும்பாவைத் தேர்ந்தெடுத்தார். 1963 நவம்பர் 21 அன்று அமெரிக்கத் தயாரிப்பான நைக்கி-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து ஏறியது. மீனவக் கிராமத்தின் மகதலேனா மரியாள் தேவாலயமே அலுவலகம். ஏவுதளத்துக்கு ராக்கெட்டைக் கொண்டுபோக ஒரு லாரியும் கையால் இயக்கும் ஹைட்ராலிக் கிரேனும் இருந்தன. தூக்க வேண்டிய நேரத்தில் கிரேனில் கசிவு ஏற்பட, கூடியிருந்தவர்கள் தோள்கொடுத்தே ராக்கெட்டை ஏவுமேடையில் ஏற்றினார்கள் என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். ராக்கெட்டின் முனைக்கூம்பை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிப்போகும் காட்சியை ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் எடுத்த படம் உலகறிந்தது. ஏழை நாட்டின் எளிமைக்குச் சான்றாக அந்தப் படத்தைக் காட்டுவது வழக்கம். அது காட்டாத பாதி ஒன்று உண்டு. சைக்கிளில் போகும் அளவுக்கு லேசான அந்தக் கூம்பு எதற்காவது உதவ வேண்டுமென்றால் ரேடார் வேண்டும், மின்சாரம் வேண்டும், கிடைத்த தரவைக் கணக்கிட அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் கணினி வேண்டும். அறுபதுகளின் இறுதியில் சோவியத் ஒன்றியம் தந்த மின்ஸ்க் கணினி அந்த வேலையைச் செய்தது. சைக்கிள் சுமந்தது ஒரு பங்கு. மீதியைச் சுமந்தது தும்பா.

இதே காலக் கணக்கில் கணினியின் எடை எப்படிக் குறைந்தது என்பதையும் பார்க்கலாம். 1981 ஏப்ரலில் அமெரிக்காவில் அறிமுகமான ஆஸ்பார்ன்-1, தையல் மெஷின் பெட்டி போன்ற உறைக்குள் ஐந்து அங்குலத் திரையுடன் வந்தது. எடை 11 கிலோ. அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்ட காம்பாக் போர்ட்டபிள் அதைவிடக் கனம், 13 கிலோவை நெருங்கியது. அதே 1982-இல் வந்த கிரிட் காம்பஸ் மக்னீசிய உலோகக் கூட்டில் ஐந்து கிலோவுக்குள் அடங்கி, மடித்துத் திறக்கும் வடிவத்தையும் தந்தது. விலை 8,150 டாலர். தூக்கிச் செல்லலாம் என்று விற்கப்பட்ட இந்த மூன்றும் பேட்டரி இல்லாமல், சுவரிலுள்ள பிளக்கை நம்பித்தான் வந்தன. தூக்கிப்போகலாம், ஆனால் போய்ச் சேரும் இடத்தில் மின்சாரம் காத்திருக்க வேண்டும். 1985-இல் தோஷிபா டி1100 நான்கு கிலோவில் பேட்டரியோடு வந்தபோதுதான் அந்தக் கட்டு சற்றுத் தளர்ந்தது. அப்போதும் அது நிலைத்ததற்கு எடை மட்டும் காரணமில்லை. ஐபிஎம் கணினிக்கென எழுதிய மென்பொருள் அதில் ஓடியது; ஆக, ஊரெங்கும் ஏற்கெனவே பரவியிருந்த ஒரு பொது ஏற்பாட்டின் முதுகில் அது சவாரி செய்தது. ஆஸ்பார்னில் ஓடிய சிபி/எம் இயங்குதளம் அப்படிப்பட்ட இடத்தைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பொது ஏற்பாடு திருவனந்தபுரத்தில் தானாக முளைக்கவில்லை. நகரத்துக்கு மின்சாரம் வந்தது 1929-இல். தம்பானூர்ப் பக்கத்து பவர்ஹவுஸ் சாலை இன்றும் அந்தப் பெயரோடே இருக்கிறது. 1973-இல், சி. அச்சுத மேனன் முதல்வராக இருந்தபோது, மாநில அரசே நடத்தும் மின்னணு நிறுவனமாக கெல்ட்ரான் தொடங்கியது. அதை வளர்த்தவர் கே.பி.பி. நம்பியார். ஒரு மாநில அரசு மின்னணுவியலுக்கென்று தனி நிறுவனம் வைத்தது இந்தியாவில் அதுவே முதல்முறை. கெல்ட்ரான் என்றால் டி.வி. என்று நினைவுகூர்பவர்கள் பலர். டி.வி.யைவிடப் பெரிய விளைவு வேறு. மின்தேக்கியையும் மின்தடையையும் சர்க்யூட் பலகையையும் கையாளத் தெரிந்த ஒரு தலைமுறையை, அதில் பெண்களைப் பெருமளவில், அது உருவாக்கியது. அதே நம்பியாரின் முனைப்பில், இ.கே. நாயனார் ஆட்சியில், 1990-இல் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாக டெக்னோபார்க் பிறந்தது. 1995-இல் பிரதமர் நரசிம்ம ராவ் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பம்பை, பெரியார், நிளா என்று நதிகளின் பெயர் தாங்கிய கட்டடங்கள் எழுந்தன. அந்த வளாகம் தனக்கான மின்சாரத்தைத் தானே விநியோகிக்க உரிமம் பெற்றது. அறிவு மட்டும் போதும், எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று அறிவிக்கப்பட்ட ஒரு தொழில், தன் முதல் தேவையாகக் குன்றையும் கட்டடத்தையும் மின்சாரத்தையும் கேட்டது. 1837-இல் கால்டிகாட் கேட்டதும் பெரும்பாலும் அவைதான்.

கணினியையே இங்கே செய்தால் இந்தச் சார்பு நீங்கிவிடாதா என்ற கேள்வி 2019-இல் சோதித்துப் பார்க்கப்பட்டது. கெல்ட்ரான், மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம், யுஎஸ்டி குளோபல் முதலியோர் கூட்டாகத் தொடங்கிய கோகோனிக்ஸ், நகரின் மண்விளையில் இருந்த கெல்ட்ரானின் பழைய ஆலையில் லேப்டாப் செய்யத் தொடங்கியது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் என்பது திட்டமிட்ட திறன். அரசு அலுவலகங்களுக்குப் போயிற்று, இணையக் கடைக்கும் வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர்களுக்கு லேப்டாப் தரும் வித்யாஸ்ரீ திட்டத்திலும் இடம்பெற்று, அங்கே புகார்களையும் சந்தித்தது. பிறகு 2023-இல் புது மாடல்களோடு மீண்டும் சந்தைக்கு வந்தது. இதைத் தோல்வி என்று தள்ளிவிடுவோரும் உண்டு, சுதேசிப் பெருமை என்று தூக்கிப் பிடிப்போரும் உண்டு. இரண்டும் அவசரம். செயலி, திரை, நினைவகச் சிப் எல்லாம் கடல்கடந்து வரும்போது மண்விளையில் நடப்பது பெரும்பாலும் பூட்டுவதும் சோதிப்பதும்தான். எனவே சார்பு நீங்கவில்லை. ஆனால் ஒரு பொருளைப் பூட்டத் தெரிந்த ஊருக்கு அதைக் கழற்றவும் தெரியும். ஊர் மாறுகிறவருக்கு லாபம் அங்கேதான் இருக்கிறது. பெட்டியின்மேல் எந்த ஊர்ப் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதைவிட, பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் எத்தனை ஊரில் இருக்கிறார் என்பதே அவருக்கு முக்கியம்.

இந்தப் பின்னணியில் கேமிங் லேப்டாப்பை வைத்துப் பார்த்தால் அது விதிவிலக்காகத் தெரிவதில்லை. விதியின் உச்சமாகத் தெரிகிறது. கடிதம் அடிக்கவும் படம் பார்க்கவும் போதுமான லேப்டாப் 15, 20 வாட்டில் ஓடிவிடும். விளையாட்டுக்கான கிராபிக்ஸ் சிப் மட்டும் 100 வாட்டுக்கு மேல் கேட்கும். யானையை வாங்கிவிடலாம், கட்டித் தீனி போடுவதுதான் பாடு என்பார்களே, அந்தப் பாடு இங்கே வாட் கணக்கில் வருகிறது. 2000களின் தொடக்கத்தில் ஏலியன்வேர் போன்ற நிறுவனங்கள் செய்த கேமிங் லேப்டாப்புகள் பெயருக்குத்தான் மடிக்கணினிகள். திருப்பம் 2017-இல் வந்தது. என்விடியா அறிவித்த மேக்ஸ்-க்யூ என்ற முறைக்குப் பெயர் கிடைத்தது ராக்கெட் இயலிலிருந்து. வளிமண்டலத்தைக் கிழித்து ஏறும் ராக்கெட்டின்மேல் காற்றின் தாக்கம் உச்சத்தைத் தொடும் கட்டத்தைத் தும்பாக்காரர்களும் அதே பெயரால்தான் அழைக்கிறார்கள். செய்தி எளியது. மேசைக் கணினியில் 180 வாட் தின்ற ஜிடிஎக்ஸ் 1080 சிப்பை 90 முதல் 110 வாட்டுக்குள் அடக்கினால் வேகம் பாதியாகிவிடுவதில்லை. சூடு மட்டும் பெருமளவு இறங்குகிறது. கடைசிச் சில அடி வேகத்துக்குத்தான் கொள்ளை மின்சாரம் செலவாகிறது என்ற இந்த உண்மைதான் மெலிந்த கேமிங் லேப்டாப்பைச் சாத்தியமாக்கியது. 2020-இல் வந்த ஆசுஸ் செஃபிரஸ் ஜி14, 14 அங்குலத் திரையோடு 1.6, 1.7 கிலோவில் நின்றது. கிரிட் காம்பஸின் எடையில் மூன்றில் ஒரு பங்கு.

அப்படியானால் சுமை உண்மையிலேயே போய்விட்டதா? எங்கே போனது என்று தேடினால் மூன்று இடங்களில் அகப்படுகிறது. முதல் இடம் அடாப்டர். 180 வாட் முதல் 330 வாட் வரையிலான செங்கல் ஒன்று பையின் அடியில் கிடக்கிறது. பெரியவை ஒரு கிலோவை எட்டும். விளம்பரத்தில் சொல்லும் எடையில் இது சேராது. இரண்டாவது, பேட்டரி. விமானத்தில் அனுமதி வாங்காமல் கொண்டுபோக 100 வாட்-மணிதான் வரம்பு. 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதனால்தான் பெரிய லேப்டாப்புகளின் பேட்டரிகள் 99 அல்லது 99.9 வாட்-மணியில் வந்து நின்றுவிடுகின்றன. 90 வாட்-மணி பேட்டரியை 120 வாட்டில் கறந்தால் முக்கால் மணி நேரத்தில் வற்றிவிடும். ஆகவே எவ்வளவு லேசான கேமிங் லேப்டாப்பும் விளையாடும் நேரத்தில் ஆஸ்பார்ன் போலச் சுவரில் கட்டப்பட்டதுதான். 40 ஆண்டில் அந்தக் கயிறு அறுபடவில்லை. மூன்றாவது இடம்தான் கண்ணுக்குத் தெரியாதது, பழுது பார்க்கும் வசதி. 2020-இன் ஜி14-இல் ராம் எனும் நினைவகத்தின் ஒரு பகுதியைக் கழற்றி மாற்றலாம். 2024 மாடலில் உடல் மெலிந்து எடை ஒன்றரைக் கிலோவுக்கு இறங்கியது; ராம் முழுவதும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. மெலிவுக்குக் கொடுத்த விலைகளில் ஒன்று அது. ராமில் கோளாறு வந்தால் முன்பு நூறு ஊர்களில் நூறு கடைக்காரர்கள் மாற்றித் தந்திருப்பார்கள். இப்போது மதர்போர்டையே மாற்றும் சர்வீஸ் சென்டர் இருக்கும் ஊர் வேண்டும்.

இதிலிருந்து வாங்கும் முறை தானாகவே புறப்படுகிறது. முதலில் சிப்பின் பெயரை நம்பக் கூடாது, வாட்டைக் கேட்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலும் லேப்டாப் உண்டு, 115 வாட்டிலும் உண்டு. இரண்டும் ஒரே குதிரை அல்ல. ஊர் மாறுகிறவருக்கு நடுவிலுள்ள 70, 90 வாட்டே பொதுவாகப் பொருந்தும். அதற்கு மேல் போவது வேகத்தைவிட ஃபேன் சத்தத்தையும் அடாப்டர் கனத்தையும்தான் கூட்டும். அடுத்து, எடையை அடாப்டரோடு சேர்த்துக் கேட்க வேண்டும். விளையாடாத நேரத்தில் சாதாரண டைப்-சி சார்ஜரில் ஓடுமா என்று பார்க்க வேண்டும். ஓடினால் பெரிய செங்கலை அறையிலேயே விட்டுவிட்டு அலுவலகம் போகலாம், சார்ஜர் கெட்டாலும் எந்த ஊரிலும் மாற்று கிடைக்கும். எஸ்எஸ்டியையும் பேட்டரியையும் ஃபேனையும் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் கழற்ற முடியுமா, ராம் முழுவதும் பற்றவைத்ததா என்பது அடுத்த கேள்வி. பற்றவைத்த மாடல்தான் வாங்க வேண்டியிருந்தால் முதலிலேயே தேவையைவிடக் கூடுதல் ராமோடு வாங்கிவிடுவது நல்லது. திருவனந்தபுரம் போன்ற கடலோரத்தில் ஈரமும் உப்புக் காற்றும் ஆண்டு முழுதும் வேலை செய்யும். ஃபேனின் இடுக்கில் தூசி கட்டியாவதும் தெர்மல் பேஸ்ட் காய்வதும் மெலிந்த லேப்டாப்பை முதலில் முடக்கும். திறந்து துடைக்க முடியாத லேப்டாப் இங்கே எவ்வளவு லேசாக இருந்தும் பயனில்லை. வளைகுடாவுக்குப் போய்வருகிறவர்கள் வாரண்டியின் எல்லையையும் படிக்க வேண்டும். 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம் என்பதால் துபாயில் வாங்கிவருவது பலருக்கு வழக்கம். ஆனால் சில நிறுவனங்களின் வாரண்டி வாங்கிய நாட்டோடு முடிந்துவிடுகிறது. வரியில் மிச்சம் பிடித்தது ஒரு மதர்போர்டு விலையில் போய்விடும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு கணக்குப் பார்ப்பவர்களுடையது. கேமிங் லேப்டாப் வாங்கும் பணத்தில் வீட்டில் ஒரு மேசைக் கணினியும் பைக்கு ஒரு சாதாரண லேப்டாப்பும் வாங்கலாமே, வேகமும் கூடும், பழுதும் எளிது என்பார்கள். வீடு என்று ஒன்று நிலையாக இருப்பவருக்கு இது முழுக்கச் சரியான யோசனை. அவருக்கு கேமிங் லேப்டாப் தேவையே இல்லை. ஆனால் இந்த யோசனை நிலையான ஓர் அறையை முன்கூட்டியே இலவசமாக எடுத்துக்கொள்கிறது. பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்தில் வாழ்பவருக்கு மேசைக் கணினி என்பது ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டி, பார்சல் ஆபீஸில் ஏற்றி, கண்ணாடிப் பலகை உடையாமல் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் பொருள். யாரிடம் நிலையான அறை இருக்கிறது என்பதே இங்கும் தீர்ப்பைச் சொல்கிறது.

இரண்டாவது மறுப்பு எதிர்காலத்தைக் காட்டுவது. கையில் பிடித்து விளையாடும் கணினிகள் வந்துவிட்டன, இனி விளையாட்டே தொலைவிலுள்ள சர்வரில் ஓடி இணையத்தின் வழியே வரும், ஆகவே கனமான லேப்டாப் என்ற இனமே அழியப்போகிறது என்பது அது. 2022-இல் வால்வ் வெளியிட்ட ஸ்டீம் டெக் 669 கிராம். 2023-இல் இந்தியாவுக்கு வந்த ஆசுஸ் ஆர்ஓஜி அல்லை 608 கிராம். இரண்டிலும் 40 வாட்-மணி பேட்டரி. ரயிலில் விளையாட இவை அருமை. ஆனால் திரையையும் தெளிவையும் குறைத்துக்கொண்டுதான் அந்த எடை கிடைக்கிறது. அலுவலக வேலையும் அனிமேஷனும் செய்யத் தனியாக இன்னொரு கணினி வேண்டியிருக்கிறது. இணையவழி விளையாட்டின் பாடம் இன்னும் கூர்மையானது. 2019 நவம்பரில் கூகுள் தொடங்கிய ஸ்டேடியா 2023 ஜனவரியில் மூடப்பட்டது. எதையும் சுமக்க வேண்டாம் என்று நம்பியவர்களுக்குச் சுமந்துகொண்டிருந்த முனை கையை விரித்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை. வாங்கிய பணம் திரும்பியது, விளையாடிய இடம் திரும்பவில்லை. முழுச் சுமையையும் தொலைவிலுள்ள ஒருவர் தோளில் ஏற்றிவிட்டால் அவர் இறக்கி வைக்கும் நாளையும் அவரே தீர்மானிப்பார். அந்த மறுப்பு இக்கட்டுரையின் வாதத்தைத் தகர்ப்பதற்குப் பதிலாக அதன் கடைசி எல்லையைக் காட்டுகிறது.

மூன்றாவது மறுப்பு மதிப்பு சார்ந்தது. அகத்திய மலை ஆய்வும் தும்பாவும் நாட்டின் அறிவுக்கானவை, ஒரு வாலிபரின் விளையாட்டு லேப்டாப்பை அவற்றின் வரிசையில் வைப்பது மிகை அல்லவா? நோக்கத்தில் நிச்சயமாக வேறுபாடு உண்டு. ஒப்பீடு நோக்கத்தைப் பற்றியதன்று, கருவி செயல்படும் முறையைப் பற்றியது. முறைக்கு நோக்கம் தெரியாது. மேலும் இந்த ஊரில் விளையாட்டுக்கான சிப்புக்கும் பிழைப்புக்கான சிப்புக்கும் நடுவே தெளிவான வேலி கிடையாது. 1999 முதல் டெக்னோபார்க்கில் இயங்கும் டூன்ஸ் போன்ற அனிமேஷன் நிறுவனங்களின் வேலை இதே கிராபிக்ஸ் சிப்பில்தான் நடக்கிறது. மாலையில் விளையாடும் கணினியிலேயே இரவில் முப்பரிமாண வடிவம் பழகி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பொழுதுபோக்குச் செலவா முதலீடா என்று பிரிப்பது எளிதல்ல.

நான்காவது மறுப்பே வலுவானது. இன்று ஊர்களெல்லாம் ஒன்றுபோல ஆகிவிட்டன; எங்கும் மின்சாரம், எங்கும் கூரியர், வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் சேவை. ஊரின் தோள் எல்லா இடத்திலும் ஒரே அகலமானால், பிறகு எடையை மட்டும் பார்ப்பதில் தவறென்ன? பெருநகரத்திலிருந்து பெருநகரத்துக்கு மட்டும் மாறுகிறவருக்கு இது ஏறக்குறையப் பொருந்தும். அவர் மெலிந்ததையே வாங்கலாம். மற்றவர்களுக்குப் பொருந்தாது. கழக்கூட்டத்தில் இருக்கும் வசதி பொன்முடி மலையடிவாரத்தில் இல்லை. மழைக்காலத்தில் மலைப்பகுதி மின்சாரம் எப்படிப் போய்வரும் என்பது அங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். ஊர்களை ஒன்றுபோல ஆக்கும் ஏற்பாடும் தானாக நிலைத்திருப்பதில்லை. 2023 ஆகஸ்டில் லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று மத்திய அரசு திடீரென அறிவித்து, பிறகு தள்ளிவைத்து, நவம்பரிலிருந்து பதிவுமுறையாக மாற்றியது. அந்தக் குழப்பமே போதும், உதிரிபாகமும் மாற்று மாடலும் எப்போதும் கிடைக்கும் என்ற எண்ணம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று காட்ட. வசதி சமமாக இருக்கும்வரை லேசான கருவி வெல்லும். சமநிலை குலையும் நாளில் பழுது பார்க்கத்தக்க கருவி வெல்லும். அடிக்கடி ஊர் மாறுகிறவர்தான் அந்தக் குலைவை அடிக்கடி சந்திப்பவர்.

ஆகவே கடைக்காரரிடம் எடையைக் கேட்பதை விட வேண்டியதில்லை. அதோடு நிறுத்தக் கூடாது. அடுத்த மூன்று ஆண்டுகளில் போகக்கூடிய ஊர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, இல்லாவிட்டால் சாதாரணக் கடைக்காரர் திறக்கக்கூடிய மாடலா என்று பார்ப்பது ஒரு மாலை வேலை. பட்டியல் முழுக்கப் பெருநகரமாக இருந்தால் ஒன்றரைக் கிலோ மாடலைத் தயங்காமல் எடுக்கலாம். சிற்றூரும் மலையடிவாரமும் கலந்திருந்தால் அரைக் கிலோ கூடுதலாகச் சுமந்து, ராமும் எஸ்எஸ்டியும் பேட்டரியும் கழற்றத்தக்கதாக இருக்கும் நடுத்தர வாட் மாடலை வாங்குவதே புத்திசாலித்தனம். கூடிய அந்த அரைக் கிலோ, இல்லையென்றால் ஊர் சுமக்க வேண்டியிருந்த பங்கு. ஊர் சுமக்காது என்று தெரிந்த இடத்துக்கு அதைக் கூடவே எடுத்துப்போவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.